சதுரங்கம் ஆடப் போய் தூக்கத்தைத் தொலைத்தவர்!

"ராத்திரி கண்ணை மூடினா தூக்கமே வரமாட்டேங்கு டாக்டர். அமுக்கரா சூரணம் நல்லதுங்காங்களே, அதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

இப்படிக் கேட்டுக்கொண்டே என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். வயது எழுபத்தொன்று. அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூருவில். பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

நாடி பார்த்தேன். நாக்கு, விழி எல்லாம் பார்த்தேன். பிரஷர் 160/100 இருந்தது. வழக்கமாக 130-ஐத் தாண்டாத மனிதர்! சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று எட்டு விதமாகச் சோதிப்போம். அதில் 'மொழி'யும் ஒன்று. அதாவது நோயாளியின் குரல், பேச்சு. அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது அதுதான். "வேற ஒண்ணுமில்லை" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மிப் போனது.

"அண்ணாச்சி, மதினி தவறினப்பகூட நீங்க இப்படி இல்லையே... என்ன விஷயம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். அப்புறம் மெல்ல, "மகன்கிட்ட சொல்லிராதீங்க டாக்டர். கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லி ஒருத்தன் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா வாங்கிட்டான். இன்னும் வேணும்னு தினமும் போன் பண்ணுதான்" என்றார்.

சூரணத்தால் தீரக்கூடிய வியாதியா இது? நீங்களே சொல்லுங்கள்!

நான் கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. ஆனால் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் செஸ் ஆடுகிறவன். நானும் இந்தச் சேற்றில் ஒரு தடவை வழுக்கி எழுந்தவன்தான். அந்த அனுபவத்தில்தான் அண்ணாச்சியின் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே பார்த்ததையும் செய்ததையும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று தாத்தா செஸ் ஆடுகிறார், பேரன் கார் ரேஸ் ஆடுகிறான். வீட்டுக்கு வீடு இதே கதை நடக்கிறது.

*எப்படி ஆரம்பித்தது?*

2024 டிசம்பரில் நம் சென்னைப் பையன் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் அல்லவா? அந்த ஆட்டங்களை அண்ணாச்சி ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். வர்ணனையாளர்கள் அடிக்கடி 'என்ஜின் இப்படிச் சொல்கிறது' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். நாமும் அதோடு ஆடிப் பார்த்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. தப்பே இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மூளைக்கு வேலை கொடுக்கும் பொழுதுபோக்கு ரொம்ப நல்லது.

'ஸ்டாக்ஃபிஷ்' என்று தேடியிருக்கிறார். முதலில் கண்ணில் பட்ட பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான், 'டவுன்லோட்' என்று. அழுத்தினார். அதன்பின் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசியில் திறந்தால் செஸ் பலகையைக் காணோம்! ஒரு கறுப்புப் பெட்டியில் ஒற்றை வரி ஆங்கிலம். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அதைச் 'சரிசெய்ய' இன்னொரு சாஃப்ட்வேரைத் தேடி இறக்கினார். அதற்கு மறுநாளிலிருந்து திரையின் மூலையில் விளம்பரங்கள். தேடும் பக்கம் தானாக மாறிவிட்டது. நான்காம் நாள் ராத்திரி சைரன் மாதிரி சத்தத்தோடு திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்!'

பயந்துபோய்ப் பேசினார். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

*கறுப்புப் பெட்டி நோயே அல்ல!*

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கறுப்புப் பெட்டியில் கோளாறே கிடையாது. ஸ்டாக்ஃபிஷ் என்றால் ஆங்கிலத்தில் உப்பில்லாமல் காயவைத்த மீன், நம்ம ஊர்க் கருவாடு மாதிரி. 2008-ல் நார்வேக்காரர் ஒருவர் எழுதிய என்ஜினை அடிப்படையாக வைத்து இத்தாலிக்காரர் ஒருவர் வளர்த்தெடுத்தார். நார்வே மீனை இத்தாலியில் சமைத்தது போல என்று வைத்த பெயர் அது. இன்று உலகத்திலேயே மிகப் பலமான செஸ் என்ஜின்களில் ஒன்று. முற்றிலும் இலவசம்.

ஆனால் அது வெறும் மூளை. கை, கால், முகம் கிடையாது. காய்களையும் பலகையையும் காட்டுவதற்கு வேறொரு சாஃப்ட்வேர் வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலியை இடிக்காமல் கையில் கொடுத்துவிட்டு 'திரிகடுகு சூரணம்' என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

பலகையோடு சேர்ந்தே வேண்டும் என்றால் 'லூக்காஸ் செஸ்' என்று ஒன்று இருக்கிறது. இலவசம். புதிதாகப் பழகுகிறவர் முதல் கில்லாடி வரை ஆடுவதற்குப் பல என்ஜின்கள் அதற்குள்ளேயே உண்டு. எதையும் இறக்கவே பயமாக இருக்கிறதா? 'லிச்செஸ்' என்ற வலைத்தளத்தில் நேராகவே ஆடலாம். கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

*இலவசத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது*

நாட்டு மருந்துக் கடையில் மிளகு வாங்கும்போது எங்கள் ஆசிரியர்கள் எச்சரிப்பார்கள். காய்ந்த பப்பாளி விதை பார்வைக்கு மிளகு போலவே இருக்கும், கலந்துவிடுவார்கள் என்று. கம்ப்யூட்டரிலும் அதே கலப்படம்தான். நல்ல சாஃப்ட்வேர் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி வேறொரு உறை போட்டு, உறைக்குள் விளம்பர சாஃப்ட்வேரைத் திணித்து விடுவார்கள். அது ஒவ்வொரு கம்ப்யூட்டரில் ஏறும்போதும் திணித்தவருக்கு இவ்வளவு என்று காசு.

இது ஏதோ சந்துக்கடை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற புகழ்பெற்ற தளத்திலேயே 2015-ல் 'கிம்ப்' என்ற இலவசப் படம் வரையும் சாஃப்ட்வேரை இப்படி உறை போட்டுக் கொடுத்து, பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2016-ல் அந்தத் தளத்தை வாங்கிய புது நிர்வாகம்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. லெனோவோ கம்பெனியின் சில லேப்டாப்களில் கடையிலிருந்து வரும்போதே 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேர் இருந்தது 2015-ல் வெளியே வந்தது. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்குள்ளும் அது நுழைந்து விளம்பரம் காட்டியது. ஆகவே, பெரிய இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

*நிறுவும்போது எட்டுவகைத் தேர்வு!*

நோயாளிக்கு எட்டு சோதனை என்றால், சாஃப்ட்வேருக்கும் எட்டு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிறந்த இடம் பாருங்கள். தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்றால் 'ஸ்டாக்ஃபிஷ்செஸ் டாட் ஓஆர்ஜி'. தேடும்போது மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவது விளம்பரம். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

2. பெரிய பொத்தானை நம்பாதீர்கள். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு 'டவுன்லோட்' பொத்தான் இருந்தால் பெரும்பாலும் அவை விளம்பரமே. அழுத்துவதற்கு முன் மவுஸ் அம்பைப் பொத்தான் மேல் வைத்தால், கீழே ஓரத்தில் அது போகும் முகவரி தெரியும். படித்துப் பாருங்கள்.

3. இறங்கிய கோப்பின் பெயர் பாருங்கள். கேட்டது செஸ், வந்தது 'செட்டப் டவுன்லோடர்' அல்லது 'இன்ஸ்டால் மேனேஜர்' என்றால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

4. விண்டோஸ் கேட்கும் கேள்வியைப் படியுங்கள். நிறுவத் தொடங்கும்போது திரை மங்கி, அனுமதி கேட்கும். அதில் 'பப்ளிஷர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? தெரியாதவர் என்று இருந்தாலே விஷம் என்று சொல்ல முடியாது. சிறு இலவச சாஃப்ட்வேர்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் 'நோ' சொல்லுங்கள்.

5. 'எக்ஸ்பிரஸ்', 'ரெகமெண்டட்' என்ற வழியில் போகாதீர்கள். 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒட்டுண்ணிகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

6. முன்கூட்டியே 'டிக்' போட்டு வைத்திருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். டூல்பார், கூப்பன், 'பிசி கிளீனர்', தேடும் பக்கத்தை மாற்றுவது... இவை எதுவும் செஸ் ஆடத் தேவையில்லை.

7. இரண்டாவது 'அக்செப்ட்' வந்தால் நில்லுங்கள். முதலில் வருவது நீங்கள் கேட்ட சாஃப்ட்வேரின் ஒப்பந்தம். அடுத்து அதே மாதிரி இன்னொன்று வந்தால் அது வேறொரு சாஃப்ட்வேருக்கு. 'டிக்ளைன்' அல்லது 'ஸ்கிப்' எங்காவது மங்கலான எழுத்தில் இருக்கும். தேடி அழுத்துங்கள். வேண்டாம் என்று சொன்னால் நிறுவுவதே நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி நின்றால், அது நின்றதே நல்லது!

8. சந்தேகமா? 'வைரஸ்டோட்டல்' என்ற தளத்தில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் பல ஆன்டி வைரஸ்கள் சேர்ந்து சோதித்துச் சொல்லும். சொந்தக் கடிதம், பேங்க் கணக்கு மாதிரி அந்தரங்கக் கோப்புகளை மட்டும் அதில் போடாதீர்கள்.

இன்னொரு தடுப்பு மருந்தும் சொல்கிறேன். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' என்ற பகுதிக்குள் 'ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' என்று இருக்கும். அதில் வேண்டாத சாஃப்ட்வேரைத் தடுக்கும் வசதியை 'ஆன்' செய்து வையுங்கள். காசு செலவு இல்லை.

*விளையாட்டு ஓடவில்லையா?*

பெரும்பாலோர் மாட்டுவது இந்த இடத்தில்தான். விளையாட்டு ஓடவில்லை என்ற எரிச்சலில் கண்டதையும் இறக்குகிறார்கள். பொதுவான கோளாறுகளும் பரிகாரமும் இதோ:

திறந்த உடனே கண்சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொள்கிறதா? செஸ் என்ஜின்களில் இது சகஜம். ஒரே என்ஜினைப் பல விதச் சிப்புகளுக்குத் தனித்தனியாகச் செய்து வைத்திருப்பார்கள். 'ஏவிஎக்ஸ்2' என்று போட்டது 2013-க்கு முந்தைய இன்டெல் சிப்புகளில் ஓடாது. அதற்குப் பிறகு வந்த சில விலை குறைந்த சிப்புகளிலும் ஓடாது. அதே தளத்தில் பழைய கம்ப்யூட்டருக்கான வகையை எடுத்தால் போதும். வயதுக்குத் தகுந்த மாத்திரை அளவு மாதிரிதான்.

ஏதோ ஒரு 'டிஎல்எல்' கோப்பு இல்லை என்று சொல்கிறதா? அந்தக் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்களுக்குப் போகவே போகாதீர்கள். கலப்படம் அதிகம். 'விசிரன்டைம்140' அல்லது 'எம்எஸ்விசிபி140' என்று வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்பதை இறக்குங்கள். பேரனின் பழைய கார் ரேஸ் 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் பெயரைக் கேட்டால், அதே மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் மாத 'டைரக்ட்எக்ஸ்' தொகுப்பு. இரண்டுமே இலவசம்.

படம் விட்டுவிட்டு ஓடுகிறதா? கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று உங்கள் சிப் எதுவோ அந்தக் கம்பெனித் தளத்திலிருந்து மட்டும். 'எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பித்துத் தருகிறோம்' என்று வரும் சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம்.

ஃபேன் இரைகிறதா, சூடாகிறதா? என்ஜின் முழுமூச்சாக யோசிக்கிறது. அமைப்புகளில் 'த்ரெட்ஸ்' என்ற எண்ணைப் பாதியாகக் குறையுங்கள். அப்போதும் அது நம்மை ஜெயித்துவிடும்!

'ஆன்டி வைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்கிறதா? காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டின் திருட்டுப் பிரதிகளில்தான் இந்தக் குறிப்பு அதிகம் வரும். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். காவல்காரனை வெளியே போகச் சொல்லிவிட்டு வருகிறவன் விருந்தாளி ஆக முடியுமா?

*ஏற்கெனவே நுழைந்துவிட்டால்...*

அண்ணாச்சி வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தோம். ஏனென்றால் அந்த ஆசாமி தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ஆப் ஒன்றைப் போட வைத்திருந்தான்.

அடுத்து 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' பகுதியில் நிறுவிய சாஃப்ட்வேர்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். கோளாறு தொடங்கிய நாளையொட்டி ஐந்து பெயர்கள் புதிதாக இருந்தன. அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று. மற்ற நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தவை, அந்த ஆசாமி போட்டது உள்பட. ஐந்தையும் நீக்கினோம்.

பிறகு பிரவுசரைத் திறந்து 'எக்ஸ்டென்ஷன்' பட்டியலில் தெரியாததை எல்லாம் எடுத்தோம். தேடும் பக்கத்தைப் பழையபடி மாற்றினோம். மூலையில் வரும் விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. காரணம் 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி! 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க அலோ அழுத்துங்கள்' என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டபோது அழுத்தியிருக்கிறார். பிரவுசரின் 'சைட் செட்டிங்ஸ்' பகுதியில் அதை ரத்து செய்ததும் அமைதி.

கடைசியாக இன்டர்நெட்டை இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியைப் புதுப்பித்து, 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' போட்டோம். கம்ப்யூட்டர் தானே அணைந்து மறுபடி வந்து சோதிக்கும். காபி குடிக்கும் நேரம்தான். 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவியையும் மால்வேர்பைட்ஸ் கம்பெனித் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டினோம்.

சிவப்புத் திரை, சைரன் வந்தால்? பதறாதீர்கள். அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். எஸ்கேப் சாவியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மூடுங்கள். மூடவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிரவுசரை நிறுத்துங்கள். அதுவும் முடியவில்லையா? பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உண்மையான எச்சரிக்கையும் போன் நம்பர் தந்து பேசச் சொல்லாது!

*பணம் போய்விட்டால்...*

ஒரு நிமிஷம்கூட வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே பேங்குக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள். 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வேறொரு கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து பேங்க், இமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

அண்ணாச்சி ஒன்பது நாள் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். புகார் கொடுத்தோம். ஆனால் அந்த எட்டாயிரத்து ஐந்நூறு திரும்பி வரவில்லை. கார்டை முடக்கியதால் கணக்கில் மிச்சமிருந்த பென்ஷன் பணம் தப்பித்தது.

"மகனுக்குத் தெரிஞ்சா, இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்கம்பான். ராத்திரி எட்டு மணிக்கு மேல எனக்கு வேற என்ன இருக்கு டாக்டர்?" என்று கேட்டார். அந்த ஒன்பது நாள் மௌனத்துக்குக் காரணம் பணம் இல்லை, பார்த்தீர்களா?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அப்பா அம்மா ஏமாந்துவிட்டதாகச் சொன்னால் "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்த தடவை சொல்லவே மாட்டார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன எட்டையும் ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

*உடம்புக்கும் நாலு வார்த்தை*

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள். கண்ணுக்கு ஓய்வு. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். தோற்ற ஆட்டத்தோடு படுத்தால் தூக்கம் வராது!

அண்ணாச்சிக்கு நான் சூரணம் எதுவும் எழுதவில்லை. அவர் வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அதைக் கொடுக்கும் டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். கூடவே ஒரு பத்தியம்: "இன்னிக்கு ராத்திரியே மகன்கிட்ட நீங்களே சொல்லணும்."

சொல்லிவிட்டார். மகன் கோபப்படவில்லை. மறு சனிக்கிழமையே வந்துவிட்டான். இப்போது பேத்தி பெங்களூருவிலிருந்து தினமும் எட்டு மணிக்கு லிச்செஸில் தாத்தாவோடு ஆடுகிறாளாம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன், பிரஷர் 134/84.

"தூக்கம் எப்படி அண்ணாச்சி?"

"அது வருது டாக்டர். அந்தக் குட்டிதான் ஜெயிக்க விடமாட்டேங்கா!"